மறு: ‘நியூ ஓல்ட் ஸ்டாக்’ – ‘எஞ்சிருப்பு’ என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நம் கார் கலைச்சொல் அகராதிக்காக இழையில் இதுவரை வந்த சொற்களை எல்லாம் நிதானமாகத் திரும்பப் படித்தேன். அமெரிக்கச் சொகுசுக் கார்களைப் பற்றியும் அவற்றின் உதிரிப்பாகங்களைப் பற்றியும் தமிழில் எழுத உட்கார்ந்தால், ‘நியூ ஓல்ட் ஸ்டாக்’ என்ற இந்த ஒரு சொல்லுக்குத் தமிழ் இல்லாமல் ஒரு பக்கம்கூட நகராது. பழைய கார்களை மீட்டெடுப்பவர்கள் சுருக்கமாக என்.ஓ.எஸ். என்பார்கள். காரைச் செய்த நிறுவனமே அந்தக் காலத்திலேயே தயாரித்து (அல்லது தன் பெயரில் தயாரிக்கச் சொல்லி), டீலர் கடை அலமாரியிலோ கிடங்கிலோ தங்கிப்போய், இன்றுவரை எந்த வண்டியிலும் மாட்டப்படாத பாகம். இவ்வளவையும் ஒரு சொல் தாங்க வேண்டும்.

> ‘பழைய புதுச் சரக்கு’ என்று நேராகவே வைத்துவிடலாமே. மூலத்தில் உள்ள எல்லாமே அதில் வந்துவிடுகிறது.

வருகிறது, ஆனால் முரணாக வருகிறது. மூலத்தில் ‘புதிய’ என்பது தேய்மானத்தைப் பற்றியது, ‘பழைய’ என்பது செய்த ஆண்டைப் பற்றியது. தமிழில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதைச் சொல்கிறது என்று படிப்பவர் நின்று யோசிக்க வேண்டியிருக்கும்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. ‘புது’ என்பது பல பாகங்களுக்கு உண்மையே இல்லை. 1950களில் செய்த பிரேக் ஹோஸ் ஒன்று பெட்டி பிரிக்காமல் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ரப்பர் கெட்டுப்போக வண்டியில் ஓடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. காற்றும் வெப்பமும் பட்டு, கிடந்த இடத்திலேயே இறுகி வெடிப்பு விடும். அந்த ஹோஸை மாட்டிக்கொண்டு சாலையில் இறங்குவது உயிருக்கு ஆபத்து. கதவோர ரப்பர் பட்டை, கார்க் கேஸ்கெட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

உலோகம் மட்டும் தப்பிவிடுமா? 1930களின் கார்களில் கதவுக் கைப்பிடி, முகப்பு அலங்காரம், டாஷ்போர்டின் சிறு பாகங்கள் என்று நிறைய துத்தநாகக் கலவையில் அச்சு வார்ப்பாகச் செய்யப்பட்டவை. அந்தத் துத்தநாகத்தில் ஈயம் போன்ற மாசு கொஞ்சம் கலந்திருந்தாலே போதும், ஆண்டுகள் போகப்போக உலோகம் உள்ளுக்குள் உப்பி, விரிசல் விட்டு, கையில் எடுத்தால் பொடிந்துவிடும். வண்டி ஏறாமல், தாள் சுற்றியபடியே இருந்த பாகத்துக்கும் இது நடக்கும். ஆகவே ‘புது’ என்ற சொல்லைக் கலைச்சொல்லுக்குள் வைத்தால் வாங்குபவருக்குப் பொய்யான ஓர் உறுதியைக் கொடுக்கிறோம். நம் சொல்லில் அது இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

> ‘பயன்படாப் பாகம்’ எளிமையாக இருக்கிறதே?

‘உதவாத பாகம்’ என்றுதான் எல்லாரும் படிப்பார்கள். விற்பவர் பட்டியலில் அந்தச் சொல்லைப் போடவே மாட்டார்.

> எங்கள் பக்கம் ‘பூட்டுதல்’ என்றால் மாட்டுவது. ‘பூட்டாப் பாகம்’?

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய நண்பரின் இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உயிரோடு இருக்கும் வினையிலிருந்து வந்த சொல். தமிழ்நாட்டில் பூட்டு–சாவி நினைவுக்கு வரும் என்பதைக்கூடப் பழக்கத்தில் சரிசெய்துவிடலாம். ஆனால் போன மாதம் யாரோ பட்டறையில் புதிதாக வார்த்து விற்கும் பாகமும் இன்னும் பூட்டாத பாகம்தானே? காலம் என்ற கூறு இதில் விழுந்துவிடுகிறது. விலையைத் தீர்மானிப்பதே அந்தக் கூறுதான்.

சரி, இந்தப் பொருளின் உயிர்நாடி எது? தயாரிப்பு நின்றது, சரக்கு மிஞ்சியது. இந்த இரண்டும்தான். ஆபர்ன், கார்ட், டூசன்பர்க் ஆகிய மூன்று பிராண்டுகளின் கதையைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். ஈ. எல். கார்ட் என்பவரின் குழுமத்தில் இருந்த இந்த மூன்றும் 1937க்குள் நின்றுபோயின. ஆனால் ஏற்கெனவே விற்ற கார்கள் ஓடிக்கொண்டிருந்தன, பாகங்கள் கிடங்கில் குவிந்திருந்தன. டல்லஸ் வின்ஸ்லோ என்ற தொழிலதிபர் அந்தச் சரக்கை வாங்கி, இன்டியானா மாநிலத்தின் ஆபர்ன் ஊரிலேயே பாக விற்பனையையும் பழுதுபார்ப்பையும் தொடர்ந்து நடத்தினார். 1960இல் ஓக்லஹோமாவைச் சேர்ந்த கிளென் பிரே என்ற பள்ளி ஆசிரியர் அதை வாங்கி, மொத்தச் சரக்கையும் தன் மாநிலத்தின் புரோக்கன் ஆரோ ஊருக்குக் கொண்டுபோனார். கார் செய்த நிறுவனம் போய் இருபத்து மூன்று ஆண்டு கழித்தும் அதன் பாகங்கள் கை மாறிக்கொண்டிருந்தன. இன்று அந்தக் கார்கள் ஓடுவதற்கு அந்தக் குவியலும் ஒரு முக்கியக் காரணம்.

இதை வைத்துத்தான் ‘எஞ்சிருப்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

எஞ்சு + இருப்பு, வினைத்தொகை. கையிருப்பு, வங்கியிருப்பு என்று ‘இருப்பு’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல், கடைக்காரருக்கும் கணக்கருக்கும் பழகியது. இருப்பு என்றாலே கடையில் வைத்திருப்பது, ஆகவே மாட்டாதது என்ற பொருள் கூடவே வந்துவிடுகிறது. ‘எஞ்சு’ காலத்தைச் சொல்கிறது. யாராவது ‘எஞ்சியிருப்பு’ என்று நீட்டிப் படித்தாலும் பொருள் கெடாது. எஞ்சிருப்புக் கார்புரேட்டர், எஞ்சிருப்பு விளக்கு என்று முன்னொட்டாகவும் நிற்கிறது. ரேடியோ வால்வு, கைக்கடிகாரம் பற்றி எழுதுபவர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

> கெடிலாக், லிங்கன் எல்லாம் இன்னும் இருக்கின்றனவே. நிறுவனம் இருக்கும்போது ‘எஞ்சியது’ பொருந்துமா?

பொருந்தும். நின்றது நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பாகத்தின் தயாரிப்பு நின்றால் போதும்.

ஒரு கலைச்சொல் நல்லதா என்று பார்க்க நான் வைக்கும் சோதனை, அதிலிருந்து அடுத்த சொல் பிறக்கிறதா என்பது. பழைய கார் உலகில் என்.ஓ.எஸ். பக்கத்திலேயே என்.ஓ.ஆர்.எஸ். (நியூ ஓல்ட் ரீப்ளேஸ்மென்ட் ஸ்டாக்) என்று ஒன்று உண்டு. அதே காலத்தில், அதே காருக்காக, ஆனால் வேறொரு நிறுவனம் தன் பெயரில் செய்து விற்ற பாகம். அதுவும் மாட்டாமல் தங்கியது. இதை ‘வெளியார் எஞ்சிருப்பு’ எனலாம். ‘பழைய புதுச் சரக்கு’ என்று வைத்திருந்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருப்போம். இப்போது யாரோ புதிதாகச் செய்வது ‘மறுசெய்பாகம்’. தேய்ந்ததைப் பிரித்து, உள்ளே உள்ளதை மாற்றிச் சரிசெய்தது ‘புதுக்கிய பாகம்’. வேறு வண்டியிலிருந்து எடுத்தது ‘கழற்றுப்பாகம்’. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் ‘கழட்டினது’ என்றே கேட்பார்கள், அதைக் கொஞ்சம் எழுத்துவழக்குக்குக் கொண்டுவந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்து ‘ஒரிஜினல்’. இதற்கு ‘அசல் பாகம்’ என்று இழையில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இங்கேதான் பிராண்டு வரலாறு தெரிந்திருக்க வேண்டும். 1953 ஆகஸ்ட் 12 அன்று மிச்சிகனின் லிவோனியாவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரா-மேட்டிக் கியர்பாக்ஸ் தொழிற்சாலை எரிந்துபோனது. அந்த நிறுவனத்தின் சொகுசுப் பிராண்டான கெடிலாக்குக்குத் தானியங்கி கியர்பாக்ஸ் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. உற்பத்தி மறுபடி தொடங்கும்வரை சில கெடிலாக் கார்களில் அதே நிறுவனத்தின் இன்னொரு பிராண்டான ப்யூக்கின் டைனாஃப்ளோ கியர்பாக்ஸை வைத்து அனுப்பினார்கள். அப்படி வந்த கெடிலாக்குக்கு அசல் எது? ப்யூக்கினுடையதுதான். யாராவது ‘சரியான’ ஹைட்ரா-மேட்டிக்கைத் தேடி மாட்டினால் அந்த வண்டியின் அசல் தன்மை குறையும். போட்டி நிறுவனமான ஃபோர்டின் லிங்கன்கூட 1949 முதல் சில ஆண்டுகள் அதே ஹைட்ரா-மேட்டிக்கை ஜெனரல் மோட்டார்ஸிடமே விலைக்கு வாங்கித்தான் மாட்டியது.

பேக்கார்டைப் பாருங்கள். 1899இல் ஒஹையோவின் வாரனில் தொடங்கி, 1903இல் டெட்ராய்ட்டுக்குப் போய், ரோல்ஸ் ராய்ஸுக்கு நிகராகப் பேசப்பட்ட பெயர். 1954இல் ஸ்டூட்பேக்கர் என்ற கார் நிறுவனத்தோடு இணைந்தது, 1956இல் டெட்ராய்ட் உற்பத்தி நின்றது. 1957, 1958 ஆண்டுகளில் ‘பேக்கார்டு’ என்று விற்றவை ஸ்டூட்பேக்கரின் ஊரான சவுத் பெண்டில் செய்த ஸ்டூட்பேக்கர் உடலமைப்புகள். அந்த வண்டிக்குக் கதவு தேடுபவர் பேக்கார்டு எஞ்சிருப்பில் தேடினால் கிடைக்காது. எவ்வளவு பெரிய பெயர் அப்படி முடிந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆகவே அகராதியில் ‘அசல் பாகம்’ என்பதன் விளக்கத்தில் பிராண்டின் பெயர் வரக் கூடாது. ‘குறிப்பிட்ட அந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியேறியபோது அதில் இருந்த பாகம்’ என்று எழுதுவோம். அப்படிப் பார்த்தால் எஞ்சிருப்பும் அசலும் ஒன்றல்ல என்பதும் தானாகவே தெளிவாகிவிடும்.

கடைசியாக, ‘ரீப்ளேஸ்மென்ட்’, ‘இன்டர்சேஞ்சபிள்’ இரண்டுக்குமே ‘மாற்றுப்பாகம்’ என்று முன்மொழிந்திருக்கிறார்கள். மாற்று மருத்துவம், மாற்று எரிபொருள் என்று நம் காதில் ‘மாற்று’ வேறொரு பொருளில் ஊறிவிட்டது. முதலாவதற்கு வெறும் ‘உதிரிப்பாகம்’ போதும். இரண்டாவதற்கு மெக்கானிக்குகள் ‘காமன்’ என்பார்கள், ‘எல்லாத்துக்கும் செட் ஆகும்’ என்பார்கள். அதிலிருந்து ‘பொதுப்பொருத்தம்’ என்று எடுத்தேன்.

இந்தக் கருத்துக்கு அமெரிக்கக் கார் வரலாற்றில் தனி இடமே உண்டு. கெடிலாக்கை 1902இல் உருவாக்கிய ஹென்றி லீலண்ட், ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையிலும் கோல்ட் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் பிரவுன் அண்ட் ஷார்ப்பிலும் துல்லிய வேலை கற்றவர். துப்பாக்கியின் பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்த வேண்டும் என்ற ஒழுக்கத்தைக் காருக்குக் கொண்டுவந்தார். 1908இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஒரு சோதனை நடத்தியது. மூன்று ஒற்றைச் சிலிண்டர் கெடிலாக் கார்களை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றையும் கடைசித் திருகாணிவரை பிரித்தார்கள். எல்லாப் பாகங்களையும் ஒன்றாகக் கலந்தார்கள். அதிலிருந்து 89 பாகங்களை எடுத்துவிட்டு, டீலரின் கையிருப்பிலிருந்து அதே வகைப் பாகங்களைப் போட்டார்கள். அரம் போட்டுத் தேய்க்க அனுமதி இல்லை. ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர் போன்ற கைக்கருவிகளை மட்டும் வைத்து மூன்று கார்களையும் மறுபடி பூட்டி, 500 மைல் ஓட்டினார்கள். மூன்றும் ஓடி முடித்தன. அதற்காகக் கெடிலாக்குக்குக் கிடைத்ததுதான் அந்தக் கிளப் வழங்கும் டூவர் கோப்பை. அந்தக் காலத்தில் பெரும்பாலான கார்களுக்குப் பாகம் மாற்ற வேண்டுமென்றால் கைத்தொழிலாளி உட்கார்ந்து ராவிப் பொருத்த வேண்டும் என்பதை மனத்தில் வைத்தால் இதன் அருமை புரியும்.

எஞ்சிருப்புக்கு மதிப்பு வருவதே பொதுப்பொருத்தத்தால்தான். எழுபது ஆண்டு பெட்டியில் கிடந்த பாகம் இன்று எடுத்ததும் பொருந்துகிறது என்றால் அளவு அன்றே கட்டுப்பாட்டில் இருந்திருக்கிறது. டூசன்பர்க் ஜே மாடலின் உடல்கள் தனித்தனிக் கூடுகட்டும் பட்டறைகளில் வாடிக்கையாளர் விருப்பப்படி கையால் கட்டப்பட்டவை. அவற்றின் கதவுக்கு எஞ்சிருப்பு என்ற பேச்சே எழாது, மறுபடி கையால்தான் செய்ய வேண்டும்.

எனவே எஞ்சிருப்பு, வெளியார் எஞ்சிருப்பு, பொதுப்பொருத்தம் மூன்றையும் அடுத்தடுத்த பதிவுகளாக வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சுட்டிக் காட்டலாம் என்பது என் முன்மொழிவு. ‘மறுசெய்பாகம்’ கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது என்று எனக்கே தோன்றுகிறது; அதைவிட நல்லது இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் திரும்பக் கிடைக்கும் முன்பணத்துக்கான சொல்லைத் தனி இழையில் பேசலாம், அதற்கு இலங்கை நண்பர்கள் கொழும்பின் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்.