ஒரு ஆப் 1600, இன்னொன்று 2200, ஜிம் பையன் 1200: எதைத்தான் சாப்பிடுவது?

கிருஷ்ணகிரி_கணக்கு:
வயது 34, உயரம் 170 செ.மீ., இப்போது எடை 86 கிலோ. கிரானைட் பட்டறை ஆபீஸில் கணக்கு எழுதும் வேலை, காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 7 வரை நாற்காலிதான். காலையில் அரை மணி நேரம் நடப்பேன், மழை வந்தால் அதுவும் இல்லை.

எடை குறைக்க தினம் எத்தனை கலோரி என்று பார்த்தால் ஒரு ஆப் 1600 என்கிறது, இன்னொன்று 2200 என்கிறது, கூட வேலை செய்யும் ஜிம் பையன் "அண்ணா, 1200க்கு மேல போனா குறையவே குறையாது" என்று அடித்துச் சொல்கிறான். சரி என்று 1200ஐப் பிடித்தேன். தராசு வாங்கி எல்லாவற்றையும் எடை போட்டேன். மதியம் களி உருண்டை மட்டும் 300 கிராம், ஆப்பில் ராகி என்று போட்டால் 960 காட்டுகிறது, மிச்சத்துக்கு எங்கே போவது, காலையில் டீ, இரவில் ஒரு தோசை, அவ்வளவுதான். 12 நாளில் மூன்றரை கிலோ இறங்கியது. 13ஆம் நாள் பைக்கை ஸ்டாண்டில் இருந்து எடுக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக் கடையில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். ஒரே வாரத்தில் 2 கிலோ திரும்பி வந்துவிட்டது.

களியை விட்டுவிட்டு ஓட்ஸுக்கு மாறச் சொல்கிறான் அதே பையன். அம்மாவிடம் சொன்னால் வீட்டில் ரகளை. எந்த எண்ணை நம்புவது?

ஓசூர்_நைட்ஷிஃப்ட்:
அண்ணா, இரண்டு ஆப்பும் ஒரே கணக்கைத்தான் போட்டிருக்கும், நீங்கள்தான் வேறு வேறு பதில் கொடுத்திருக்கிறீர்கள். மிஃப்ளின்-செயின்ட் ஜியோர் என்று 1990இல் வந்த சூத்திரம் அது. எடையை 10ஆல் பெருக்கி, உயரத்தை 6.25ஆல் பெருக்கி, கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழித்து, ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும், பெண் என்றால் 161 கழிக்க வேண்டும். உங்களுக்கு 1757 வருகிறது. சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்பு எரிப்பது அவ்வளவு. உட்கார்ந்த வேலை என்று டிக் அடித்தால் அதை 1.2ஆல் பெருக்கும், 2109. மிதமான உழைப்பு என்று அடித்தால் 1.55, அது 2724. இதுதான் ஒரு நாள் முழுக்க எரியும் கலோரி. எடை குறைய இரண்டிலும் 500 கழித்துப் பாருங்கள், உங்கள் 1600ம் 2200ம் வந்துவிடும். அரை மணி நடைக்கு "மிதமான உழைப்பு" போடுவதெல்லாம் நாம் எல்லோரும் செய்யும் திருட்டு.

1700இல் ஆரம்பியுங்கள். ஒரு கிலோ கொழுப்புக்கு சுமார் 7700 கலோரி என்பார்கள், தினம் 400, 500 குறைந்தால் வாரம் அரை கிலோவுக்குக் கொஞ்சம் கீழே இறங்கும். காலையில் வெறும் வயிற்றில் தினமும் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று வாரம் அசையவே இல்லையென்றால் ஒரு 150 குறையுங்கள். அப்புறம், திரும்பி வந்த 2 கிலோ கொழுப்பு இல்லை. அதற்குத் தேவைக்கு மேல் 15,000 கலோரி தின்றிருக்க வேண்டும், எந்த பிரியாணியாலும் முடியாது. உடம்பில் மாவுச்சத்து சேரும்போது கூடவே தண்ணீரும் சேர்கிறது, உப்பும் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது.

பென்னாகரம்_அக்கா:
தம்பி, எல்லோரும் சூத்திரத்தையே பார்க்கிறீர்கள், அந்த 960ஐ யாரும் பார்க்கவில்லையா! அது 300 கிராம் ராகி மாவுக்கான கலோரி. நீ எடை போட்டது களி. 100 கிராம் மாவுக்கு மூன்று பங்கு தண்ணீர் வைத்துக் கிண்டினால் என் வீட்டில் 350 கிராம் சுமாருக்கு உருண்டை வரும். அப்படியென்றால் உன் உருண்டையில் மாவு 85 கிராம்தான், 275 கலோரி. கிட்டத்தட்ட 700 கலோரியைச் சாப்பிடாமலே கணக்கில் எழுதியிருக்கிறாய். 1200 என்று நினைத்து 500 சொச்சத்தில் ஓட்டியிருக்கிறாய், கண் இருட்டாமல் என்ன செய்யும்? எடை குறைக்கும்போதும் 1000க்குக் கீழே போகாதே என்றுதான் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே சொல்கிறது. இனிமேல் மாவாக இருக்கும்போதே எடை போடு.

உன்னைக் காப்பாற்றியது நீ எழுதாமல் விட்ட எண்ணெய்தான் என்று நினைக்கிறேன். தாளிக்கும்போது அம்மா பக்கத்தில் ஸ்பூனோடு நிற்காதே, அடி விழும். பாக்கெட்டைக் கணக்கு பண்ணு. ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் என்று போட்டிருக்கும், கிராமுக்கு 9 கலோரி. நாலு பேர் இருக்கும் வீட்டில் மாதம் 4 லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு தினம் 270. டீ எத்தனை குடிக்கிறாய் என்று நீ சொல்லவே இல்லை. பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்த்தால் ஒரு டீ 80, 90 வரும்.

ஓட்ஸும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். களிக்குக் கீரை கடைசலோ கொள்ளு குழம்போ இருந்தால் சாயங்காலம் வரை பசிக்காது. இரவு தோசையோடு இரண்டு முட்டை வைத்துக்கொள்.

மொரப்பூர்_மாமா:
எங்கள் தாத்தா மூன்று வேளையும் களிதான், கலோரி என்றால் என்ன என்றே தெரியாமல் வாழ்ந்தார்.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்:
மாமா, உங்கள் தாத்தா ஏர் ஓட்டினார், இவர் எக்செல் ஓட்டுகிறார். இன்னொன்று, இதைப் படிக்கும் யாராவது சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால், டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

கிருஷ்ணகிரி_கணக்கு:
அக்கா, கணக்குப்பிள்ளை நான், கணக்கிலேயே கோட்டை விட்டிருக்கிறேன். நேற்று அம்மா களி கிண்டும் முன் எடை போட்டுவிட்டேன். மாவு 85 கிராம், அதோடு நொய் ஒரு பிடி, 20 கிராம். உருண்டை 340 கிராம் வந்தது, கலோரியும் 340. டீ தினம் ஐந்து, அதை மூன்றாக்கிவிட்டேன். 1700இல் இன்று மூன்றாம் நாள், மாடி ஏறும்போது தலை சுற்றவில்லை. புது எண்ணெய் பாக்கெட்டில் மார்க்கரால் தேதி எழுதி வைத்தேன், காலாவதி ஆகிவிட்டது என்று நினைத்து அம்மா கடைக்குத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டார்.