முன்வாசல் சாயம்: புதுப்பிப்பு

200 வெள்ளிக்குள் (மலேசிய ரிங்கிட்) வீட்டு முன்வாசலைத் தீபாவளிக்குள் தேற்ற முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம், பழைய தோட்டத்து வீடு, பாசி பிடித்த சிமெண்டுத் தரை. பாதிப் பேர் டைல்ஸ் போடச் சொன்னீர்கள். அந்தக் காசு இருந்தால் நான் ஏன் கேட்கிறேன்!

முதல் முயற்சி சொதப்பல். குளோராக்ஸ் (வெளுப்பு திரவம்) ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டு, மறுநாளே தரைச் சாயம் அடித்தேன். நாலே நாளில் அப்பளம் மாதிரி உப்பிப் பெயர்ந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "தரை இன்னும் தண்ணி குடிச்சிருக்கு தம்பி" என்றார். அவர் சொன்னபடி, ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ராத்திரி முழுக்க ஒட்டி வைத்தேன். காலையில் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். மழைக்காலம் வேறு. பெயர்ந்ததைச் சுரண்டி, தாளின் அடியில் ஈரம் இல்லாமல் வரும்வரை ஒரு வாரம் காத்திருந்து, மெல்லிசாக இரண்டு பூச்சு. இப்போது கெட்டியாக நிற்கிறது.

சுவரைத் தொடவில்லை. அப்பா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய காலத்தில் பால் பிடித்த மங்குகள், அதாவது கிண்ணங்கள், பத்தை எடுத்து அடியில் துளை போட்டுக் கம்பியில் தொங்கவிட்டு, மணி பிளாண்ட் வைத்தேன். துளை கட்டாயம், தண்ணீர் நின்றால் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டியது போலாகிவிடும்.

மொத்தச் செலவு 143 வெள்ளி. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நாற்காலியை மட்டும் வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டார்.