பிளாக்ஹீத் மாளிகைக் கொலை: நேர்மையான துப்பறியும் கதையா, வெறும் வித்தையா?

ஆந்தைக்கண்:
ஸ்டூவர்ட் டர்ட்டனின் 'தி செவன் டெத்ஸ் ஆஃப் எவலின் ஹார்ட்காசில்' (2018) நாவலை இரண்டாம் முறையாக முடித்தேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில், காட்டுக்கு நடுவே பாழடைந்த பிளாக்ஹீத் மாளிகை. இரவு விருந்து. 11 மணிக்கு அந்த வீட்டுப் பெண் எவலின் சாகிறாள். பார்ப்பவர்களுக்கு அது கொலை என்றே தோன்றாது. ஏய்டன் பிஷப் அதே நாளை எட்டுப் பேரின் உடம்பில் புகுந்து எட்டு முறை வாழ்கிறான். கொலையாளி யார் என்று சொன்னால்தான் விடுதலை. தவறினால் எல்லாம் மறந்து முதலிலிருந்து ஆரம்பம். மாளிகைக் கொலைக் கதைகளில் இவ்வளவு புதுமையான ஒன்றை நான் படித்ததில்லை.

பழையபுத்தகம்:
புதுமைதான் தம்பி, ஆனால் இதைத் துப்பறியும் கதை என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே வீடு, எண்ணிச் சொல்லக்கூடிய ஆட்கள், தடயமெல்லாம் நம் கண்ணெதிரே. இந்த வகைக் கதையின் அழகே அதுதான். ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், தானும் துப்பறியும் நாவல்கள் எழுதியவர், 1929-இல் பத்து விதிகள் வகுத்தார். அமானுஷ்யம் அறவே கூடாது என்பது அதில் இரண்டாவது. ரகசிய வழிகூட ஒன்றுக்கு மேல் கூடாது என்றார். இங்கே கூடுவிட்டுக் கூடு பாய்வதுதான் கதையே! எழுத்தாளர் நினைத்ததெல்லாம் நடக்கும் என்றால், வாசகன் எதை நம்பி யோசிப்பது?

ஆந்தைக்கண்:
சார், நாக்ஸ் அந்த விதியை வைத்ததே கடைசியில் பேய் வந்து முடிச்சை அவிழ்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன். இந்தக் கொலையில் மாயம் ஏதும் இல்லை. மனிதர்கள் திட்டம் போட்டு, மனிதக் கையால் செய்த கொலை. கூடு பாய்வதற்கும் கட்டுப்பாடு உண்டு, அது முன்பாதியிலேயே நமக்குத் தெரிந்துவிடும்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். முதல் நாள் அவன் செபாஸ்டியன் பெல் என்ற டாக்டரின் உடம்பில், 'அன்னா' என்ற ஒரு பெயரைத் தவிர எதுவும் நினைவில்லாமல் காட்டில் விழிக்கிறான். அலறியடித்து ஓடி வந்து மாளிகைக் கதவைத் தட்டுகிறான். பட்லர் திறக்கிறார். மறுநாள் கண்விழித்தால் அவனே அந்த பட்லர்! கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், எதிரே நிற்பது நேற்றைய அவன். ஒரே கதவு, நேற்று வெளியிலிருந்து, இன்று உள்ளிருந்து. அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. முன்னால் படித்த ஒவ்வொரு சின்ன விஷயத்தையும் திரும்பப் போய்ப் பார்க்கவைக்கிறார். தடயம் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்றீர்களே, இது அதுதானே?

செம்பருத்தி:
எனக்கு விதி பிரச்சினை இல்லை. ரேவன்கோர்ட் பிரபு வரும் பகுதிதான் என்னைக் காயப்படுத்தியது. பருத்த உடம்பு என்பதற்காகப் பக்கம் பக்கமாக அருவருப்பு. நானும் பருமனானவள். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை.

ஆந்தைக்கண்:
அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன் அக்கா. அந்த வர்ணனைகள் அளவு மீறித்தான் போகின்றன. ஆனால் அந்த உடம்பை வைத்து அவர் செய்திருப்பது எனக்குப் பிடித்தது. எட்டுப் பேரில் கூர்மையான மூளை ரேவன்கோர்ட்டுக்குத்தான், ஆனால் நாலடி நடக்கவே பாடு. அதனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே யோசித்தாக வேண்டும். பெல்லுக்கு எதைக் கண்டாலும் பயம். டெர்பிக்கு வெறி. எந்த உடம்போ அந்தக் குணம் ஏய்டனுக்குள்ளும் ஊறிவிடுகிறது, அதோடு மல்லுக்கட்டியபடியே துப்பறிய வேண்டும்.

செம்பருத்தி:
மூளையைப் பற்றிச் சொன்னது சரி. அதை மட்டும் எழுதியிருக்கலாமே. அவ்வளவு வெறுப்பு தேவையே இல்லை.

பழையபுத்தகம்:
செம்பருத்தி சொல்வதோடு எனக்கு முழு உடன்பாடு.

அப்புறம் தம்பி, அந்தக் கதவுக் காட்சி அருமை, அதை மறுக்கவில்லை. 19 வருடத்துக்கு முன் இறந்த சிறுவன் தாமஸின் கதையை இந்தக் கொலையோடு கோத்த விதமும் கச்சிதம். எவலின் கொலைக்கு வேண்டிய தடயங்கள் புத்தகத்தில் இருக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏய்டன் ஏன் அங்கே மாட்டிக்கொண்டான், அந்த மாளிகை உண்மையில் என்ன? அந்த விடைக்குப் போதுமான தடயம் எங்கே? கடைசியில் ஒருவர் வந்து சொல்ல, நாம் கேட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

ஆந்தைக்கண்:
அந்த விடையை என்னாலும் யூகிக்க முடியவில்லை சார். இரண்டாம் முறை தேடிக்கொண்டேதான் படித்தேன், ஒன்றிரண்டு சாடைகளுக்கு மேல் கிடைக்கவில்லை. ஆனால் அந்த விடை தெரிந்த பிறகு, அன்னாவும் ஏய்டனும் பேசிக்கொள்ளும் இடமெல்லாம் வேறு மாதிரி கனத்துப்போகிறது. முதல் பக்கத்தில் அவன் ஏன் அந்தப் பெயரைக் கத்துகிறான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். அதன் பிறகும் வெறும் வித்தை என்றுதான் தோன்றுகிறதா, சொல்லுங்கள்.