குதிரை முன்னங்கால் தடுக்கி விழப் பார்க்கிறது – அவசரம்

அருள்_கோவை:
எங்கள் குதிரை மாறன் மூன்று வாரமாகத் தடுக்குகிறான். நேற்று தடை தாண்டி இறங்கியதும் முன்னங்கால் மடிந்து மூக்கு மண்ணில் இடித்துவிட்டது. மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டதால் தப்பினாள். காலில் சூடு இல்லை, வீக்கம் இல்லை, நொண்டவும் இல்லை. என்ன காரணம்? சனிக்கிழமைக்குள் தெரிய வேண்டும்.

நிலா:
வயது என்ன? எந்தக் கால்? நடக்கும்போதும் தடுக்குகிறானா, தாண்டும்போது மட்டுமா? லாடம் அடித்து எத்தனை நாளாகிறது? சனிக்கிழமை என்ன?

பழைய_ஜாக்கி:
நாற்பது ஆண்டு குதிரையோடு வாழ்ந்தவன் சொல்கிறேன், இது சோம்பல். தலையைத் தொங்கவிட்டு ஓட விடுகிறீர்கள். பின்னங்காலை உந்தவைத்து ஓட்டத் தெரிந்தவர் ஏறினால் எந்தக் குதிரையும் தடுக்காது. முதலில் சவாரியை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள்.

கால்நடை_மாணவி:
சோம்பலால் ஒரு குதிரை மூக்கை மண்ணில் இடித்துக்கொள்ளாது ஐயா. எனக்குக் கழுத்தின்மீதுதான் சந்தேகம். வயதான குதிரைக்குக் கழுத்தின் அடிப்பகுதி மூட்டுகள் தேய்ந்து தண்டுவடத்தை அழுத்தினால், கால் எங்கே இருக்கிறது என்பதே அதற்குப் புரியாது. சிறு வட்டத்தில் நடத்துங்கள். பின்னங்காலை அகல வீசுகிறானா பாருங்கள். நடக்கும்போதே வாலைப் பக்கவாட்டில் இழுங்கள். எதிர்த்து நிற்காமல் தள்ளாடினால் அன்றே சவாரியை நிறுத்திவிடுங்கள். இரத்தத்தில் சர்ராவும் பார்க்க வேண்டும். ஈக்கடியால் பரவும் அந்த நோயிலும் பின்னங்கால் வலுவிழக்கும்.

லாடக்காரர்_மகன்:
கழுத்துக்குப் போகுமுன் லாடத்தைப் பாருங்கள். முனை மட்டும் தேய்ந்திருக்கிறதா? குளம்பின் பின்பகுதி வலிக்கிற குதிரை அதை ஊன்ற அஞ்சி முனையை முதலில் வைக்கும். அப்படி வைத்தால் தடுக்கத்தான் செய்யும். இரண்டு முன்னங்காலும் ஒரே அளவு வலித்தால் நொண்டல் வெளியே தெரியாது.

அருள்_கோவை:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். வயது 19. கிண்டி குதிரைப் பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்றவன். 90 செ.மீ. தாண்டுகிறான். இரு முன்னங்காலும் தடுக்கும், வலது அதிகம். சரிவில் இறங்கினால் நடக்கும்போதும் உண்டு. லாடம் அடித்து 11 வாரம். சனிக்கிழமை போட்டி. வலி மருந்து கொடுத்து ஏற்றலாமா?

நிலா:
வேண்டவே வேண்டாம். வலியை மறைத்துத் தாண்டவைத்தால் விழுவது இரண்டு உயிர். 6 முதல் 8 வாரத்துக்குள் மாற்ற வேண்டிய லாடம் அது. 11 வாரத்தில் குளம்பு முனை நீண்டு, பின்பகுதி தாழ்ந்திருக்கும்.

பழைய_ஜாக்கி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். 19 வயதுக் குதிரையைத் தாண்டவைப்பதே தவறு.

சேலம்_சவாரி:
வயதைக் குற்றமாக்காதீர்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தடைதாண்டும் குதிரைச் சவாரியில் தங்கம் வென்ற நிக் ஸ்கெல்டனுக்கு வயது 58, அவருடைய குதிரை பிக் ஸ்டாருக்கு 13.

பழைய_ஜாக்கி:
13 வேறு, 19 வேறு. அந்தக் குதிரைக்கு இருந்த கவனிப்பும் வேறு.

சேலம்_சவாரி:
கவனிப்புதான் விஷயம் என்றால் வயதை ஏன் இழுத்தீர்கள்? தினமும் சிறிது வேலை இல்லாத கிழக்குதிரை லாயத்தில் நின்றே இறுகிப்போகும்.

பழைய_ஜாக்கி:
வேலை வேறு, தாண்டுவது வேறு. சமதரையில் நடத்துங்கள், யார் வேண்டாம் என்றது?

கால்நடை_மாணவி:
இந்த வாதத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமே. அருள் ஐயா, வாலை இழுத்துப் பார்த்தீர்களா?

லாடக்காரர்_மகன்:
லாடத்தின் படத்தையும் போடுங்கள்.

அருள்_கோவை (ஆறு நாள் கழித்து):
வாலை இழுத்தால் உறுதியாக நிற்கிறான். லாடத்தின் முனை தகடாகத் தேய்ந்திருந்தது. மருத்துவர் வலது குளம்பின் பின்பகுதியை ஊசியால் மரக்கச் செய்ததும் இடது காலில் நொண்டத் தொடங்கினான். இரண்டிலும் வலி இருந்திருக்கிறது. எக்ஸ்ரே திங்களன்று. போட்டிக்குப் போகவில்லை. அனைவருக்கும் நன்றி.