மரச்சீனியும் கருப்பட்டியும் உண்டால் எடை குறையுமா?

கேள்வி (தக்கலையிலிருந்து): எடையைக் குறைப்பதற்காகக் காலையில் சோற்றை விட்டுவிட்டு, அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளை (மத்தி) மீன் குழம்பும் உண்கிறேன், தேநீரிலும் சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டியே சேர்க்கிறேன். இருந்தும் எடை குறையாததற்குக் காரணம் என்ன?

மறுமொழி: சாளையை விட்டுவிடாதீர்கள், ஐயா; புரதமும் நல்ல கொழுப்பும் அதில் உண்டு. ஆனால் 100 கிராம் மரச்சீனியில் ஏறத்தாழ 160 கலோரி இருப்பதால், ஏறத்தாழ 130 கலோரியே உள்ள அதே அளவு சோற்றைவிட அது கூடுதல்தான். கிழங்கைப் பாதியாக்கி, முருங்கைக்கீரைத் துவரனைக் (பொரியல்) கூட்டிக்கொள்ளுங்கள். குழம்புக்கு அரைக்கும் தேங்காயையும் குறைக்க வேண்டும்.

மறுமொழி: கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரையே. நாளுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் 10 கிராம் என்றால் ஏறத்தாழ 150 கலோரி சேர்ந்துவிடும். அக்கானியும் (பதநீர்) அப்படித்தான்; தாகத்துக்குச் சீரகத் தண்ணீர் போதும்.

மறுமொழி: நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவரானால், மாவுச்சத்தைக் குறைக்குமுன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.