மறு: ‘ஒலிம்பிக் போர்நிறுத்தம்’ போதுமா?

> கலைச்சொல் பட்டியலில் ‘ஒலிம்பிக் போர்நிறுத்தம்’ என்றே வைத்துவிடலாம். நாளிதழ் படிப்பவர்களுக்கும் புரியும்.

ஐயா, வணக்கம்.

இன்றைய வழக்குக்கு அது சரி. 1993-இல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானம் சண்டையை நிறுத்தத்தான் சொல்கிறது. என் தகராறு பழைய கிரேக்க ஏற்பாட்டைப் பற்றியது. அவர்கள் ‘எக்கெகைரியா’ என்றதையும் போர்நிறுத்தம் என்று எழுதினால், ஒலிம்பிக் விழா வந்ததும் கிரேக்கம் முழுவதும் ஆயுதத்தைக் கீழே வைத்தது என்றுதான் மாணவர்கள் நினைப்பார்கள். அப்படி நடக்கவே இல்லை. கி.மு. 431 முதல் 404 வரை ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் அடித்துக்கொண்டிருந்தபோதும் ஒலிம்பியாவில் போட்டிகள் நடந்தன.

விஷயம் இவ்வளவுதான்: ஒலிம்பியாவில் விழாவை நடத்திய எலிஸ் நாட்டுத் தூதர்கள் ஊர் ஊராகப் போய் விழாவை அறிவிப்பார்கள். அந்தக் காலத்தில் விழாவுக்கு வருகிறவர், திரும்புகிறவர் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. எலிஸ் மண்ணில் படை நுழையக் கூடாது.

மீறினால் என்ன ஆகும் என்பதை கி.மு. 420-இல் பார்க்கலாம். எலிஸ் தன்னுடையது என்று சொன்ன லெப்ரியோன் ஊருக்குள் படை அனுப்பியதாக ஸ்பார்ட்டாவுக்கு எலிஸ் 2,000 மினா (அன்றைய கிரேக்கப் பண அளவு) தண்டம் போட்டது, வீரனுக்கு 2 மினா வீதம். படை கிளம்பியபோது அறிவிப்பு எங்களுக்கு வந்து சேரவே இல்லை என்றது ஸ்பார்ட்டா. (வக்கீல் வாதம் அன்றைக்கே இருந்திருக்கிறது!) தண்டத்தைக் கட்டாததால் விழாவிலிருந்து விலக்கப்பட்டது. ஸ்பார்ட்டாவின் லிக்காஸ் சும்மா இருக்கவில்லை. தன் தேரை போயோட்டியர் என்ற வேறொரு கிரேக்க மக்களின் பெயரில் ஓடவிட்டார். அது வென்றதும் மகிழ்ச்சி தாங்காமல் களத்தில் இறங்கித் தன் தேரோட்டிக்கு முடிசூட்ட, காவலர்கள் லிக்காஸைப் பிரம்பால் அடித்தார்கள். 1992 பார்சிலோனாவில் தடைக்குள்ளான யூகோஸ்லாவியாவின் வீரர்கள் நாட்டுப் பெயரில்லாமல் ஆடியபோது எனக்கு லிக்காஸ்தான் நினைவுக்கு வந்தார். அவர்களை யாரும் அடிக்கவில்லை, அது வேறு.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘எக்கெகைரியா’வுக்குக் ‘கைகளைப் பிடித்து நிறுத்துவது’ என்பது நேர்ப்பொருள். ‘கையடக்கம்’ என்றால் செல்போன்தான் நினைவுக்கு வரும். ‘கையமர்த்தல்’ அழகான சொல், ஆனால் அது பேசுகிறவரை நிறுத்துவது. நான் ‘வழிக்காப்பு’ என்பேன்.

அன்புடன்.

> நான் ‘வழிக்காப்பு’ என்பேன்.

வணக்கம். பாதிதான் ஒப்புக்கொள்வேன். வழி மட்டுமா காக்கப்பட்டது? லெப்ரியோன் வழக்கே மண்ணைப் பற்றியதுதானே. கி.மு. 364-இல் போட்டி நடக்கும்போதே ஒலிம்பியாவின் புனித வளாகத்துக்குள் எலிஸ்காரர்களும் அண்டை நாட்டு ஆர்க்கேடியர்களும் மோதிக்கொண்டார்கள். அங்கே குலைந்தது வழி அல்ல, விழா. ஆகவே ‘விழாக்காப்பு’ என்று வைக்கலாம். வழியும் இடமும் அதில் அடங்கும்.

இன்றைய ‘ஒலிம்பிக் போர்நிறுத்தம்’ என்பதைத் தனிப்பதிவாகவே வையுங்கள். இப்போது அது ஒலிம்பிக்குக்கு 7 நாள் முன் தொடங்கி, பாராலிம்பிக் முடிந்து 7 நாள் வரை நீள்கிறது. 2022 பிப்ரவரி 24-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது அந்தக் கெடுவுக்குள்தான். தண்டம் போட எலிஸ் மாதிரி ஒருவர் இல்லாத வெறும் வேண்டுகோள் அது. அதற்குக் ‘காப்பு’ என்ற சொல் ஒட்டாது.

‘எக்கெகைரியா – விழாக்காப்பு’ என்று பட்டியலில் ஏற்றுகிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.