2011 செப்டம்பர் 28: அன்றிரவு பாதியில் டிவியை அணைத்தவர்கள் யார் யார்?

நம்மில் பேஸ்பால் பார்க்கிறவர்கள் குறைவு என்று தெரியும். ஆனாலும் அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்து, ஆபீஸ் காபி மெஷின் பக்கத்தில் நின்று காதில் விழுந்ததை வைத்தே இந்த ஆட்டத்தில் மாட்டிக்கொண்ட சிலராவது இங்கே இருப்பீர்கள். கேள்வி உங்களுக்குத்தான். அந்தப் புதன்கிழமை ராத்திரி எங்கே இருந்தீர்கள்? குறிப்பாக, "இனிமேல் என்ன இருக்கிறது" என்று டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனவர்கள் யார்? நான் போனேன். அதனால் யாரும் வெட்கப்பட வேண்டாம்.

தெரியாதவர்களுக்காக ஒரு முன்கதை. ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், சமமாக நின்றால் மேலும் நீளும். ஒரு அணிக்கு சீசனில் 162 ஆட்டம். வசந்தத்தில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம்தான். இரண்டு லீக், ஒவ்வொன்றிலும் மூன்று பிரிவு. பிரிவில் முதலாவதாக வரும் அணிகள் பிளே ஆஃப் போய்விடும். மற்றவற்றில் அதிகம் ஜெயித்த ஒரே ஒரு அணிக்கு ஒரு சீட்டு. அதுதான் வைல்ட் கார்ட். அன்றைய விதி அப்படி. நெட் ரன் ரேட் சமாசாரம் எல்லாம் கிடையாது. சமமாக முடிந்தால் அப்போதெல்லாம் மறுநாள் இன்னொரு ஆட்டம் ஆடித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அமெரிக்கன் லீக்கில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் செப்டம்பர் 3 அன்று தாம்பா பே ரேஸை விட 9 ஆட்டம் முன்னால் இருந்தது. நேஷனல் லீக்கில் அட்லாண்டா பிரேவ்ஸ் ஆகஸ்ட் கடைசியில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை விட 10.5 ஆட்டம் முன்னால். ஒரு மாதத்தில் யாரும் கோட்டைவிட முடியாத முன்னிலை. இரண்டு அணிகளும் கோட்டைவிட்டன. பாஸ்டன் அந்த செப்டம்பரில் 27 ஆட்டத்தில் 7தான் ஜெயித்தது. 161 ஆட்டம் முடிந்தபோது பாஸ்டனும் தாம்பாவும் 90 வெற்றி, அட்லாண்டாவும் செயின்ட் லூயிஸும் 89 வெற்றி. பாக்கி ஒரே ஒரு நாள்.

நான் அப்போது பாஸ்டனுக்கு மேற்கே ஷ்ரூஸ்பரியில் குடியிருந்தேன். அன்று நவராத்திரி முதல் நாள். நண்பர் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தோம். மேலே பாட்டு, கீழே பேஸ்மென்ட்டில் சுண்டல் கிண்ணத்தோடு நாங்கள். அந்த நண்பர் நியூ ஜெர்சியில் இருந்த காலத்திலிருந்தே யாங்கீஸ் ரசிகர். பாஸ்டன் ஆட்டம் பால்டிமோரில். தாம்பாவோடு ஆடியது யாங்கீஸ். அதாவது தாம்பா தோற்க வேண்டுமென்றால் யாங்கீஸ் ஜெயிக்க வேண்டும்! வருடம் முழுக்க யாங்கீஸைத் திட்டித் தீர்க்கிற ஊர், பங்காளி வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக நடக்க மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தது. நண்பர் விடவில்லை. "வாயைத் திறந்து சொல்லு, யாங்கீஸ் ஜெயிக்கணும்னு சொல்லு" என்றார். சொன்னேன். இரண்டாவது இன்னிங்ஸில் மார்க் டெஷேரா ஒரே அடியில் நாலு ரன் எடுத்தபோது அவரை விட நான்தான் அதிகம் குதித்தேன்.

அப்புறம் யாங்கீஸ் 7-0. பாஸ்டன் 3-2 என்று முன்னால் இருக்கும்போது பால்டிமோரில் மழை. ஆட்டம் 86 நிமிடம் நின்றது. தாம்பூலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். தாம்பா ஏழு ரன் பின்னால். பாஸ்டனோ அந்த சீசனில் எட்டு இன்னிங்ஸ் முடியும்போது முன்னால் இருந்த ஆட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை. அப்படியே தோற்றாலும் தாம்பாவும் தோற்றுவிடும், நாளைக்கு இன்னொரு ஆட்டம் இருக்கிறது. படுத்துவிட்டேன்.

காலையில் போனில் நண்பரிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ். நேரம் 12:06. "சுண்டல் செரிச்சுதா?" என்னவென்றே புரியவில்லை. செய்தியைத் திறந்து பார்த்த பிறகுதான் புரிந்தது.

சரி, நீங்கள் சொல்லுங்கள்.

*

தாம்பாவிலிருந்து:

நான் டிவியை அணைக்கவில்லை, ஸ்டேடியத்தை விட்டே வந்துவிட்டேன். அதை விடக் கேவலம்.

டிராபிகானா ஃபீல்ட் இருப்பது செயின்ட் பீட்டர்ஸ்பர்கில். வீடு தாம்பாவில். நடுவில் விரிகுடா. மகனுக்கு அப்போது எட்டு வயது, மறுநாள் பள்ளிக்கூடம். 7-0 ஆனதும் "வாடா போகலாம்" என்றேன். அந்த ஸ்டேடியத்தில் மாட்டுக் கழுத்து மணியை ஆட்டுவதுதான் ரசிகர்களின் வழக்கம். அன்று மணிச் சத்தமே இல்லை, மாடுகள் எல்லாம் படுத்துவிட்ட தொழுவம் மாதிரி இருந்தது. பையன் அழுதுகொண்டே வந்தான்.

ஹோவர்ட் ஃப்ராங்க்லண்ட் பாலத்தில் ஏறும்போது ரேடியோவைப் போட்டேன். எட்டாவது இன்னிங்ஸ். ஒரு ரன், இரண்டு, மூன்று. பிறகு எவன் லாங்கோரியா அடித்த ஹோம் ரன்னில் (பந்து நேராக வேலியைத் தாண்டிப் போவது, கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) மொத்தமாக மூன்று. ஸ்கோர் 7-6! பாலத்தில் திரும்ப வழி கிடையாது என்பது அந்தப் பக்கம் ஓட்டியவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் தண்ணீர். பின்சீட்டில் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்துக்கு அவன் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியும் இறங்கவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட். டான் ஜான்சனை அனுப்புகிறார்கள். அந்த ஆள் அன்று வரை வைத்திருந்த சராசரி .108. கிரிக்கெட் கணக்கில் சொன்னால் பதினோராம் ஆட்டக்காரர். இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது, இன்னும் ஒன்று போனால் எல்லாம் முடிந்தது. வலது பக்கக் கம்பத்தை ஒட்டி ஒரு ஹோம் ரன். 7-7. வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்த மனைவி, "ஏங்க, ரெண்டு பேரும் கார்லயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" என்றாள்.

பன்னிரண்டாவது இன்னிங்ஸ். ரேடியோவில் திடீரென்று கூட்டத்தின் இரைச்சல். மைதானத்தில் ஒன்றும் நடக்காதபோதே இரைச்சல். பால்டிமோரில் பாஸ்டன் தோற்ற செய்தி வந்துவிட்டது என்று வர்ணனையில் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் லாங்கோரியா மறுபடியும் வந்து, இடது மூலையில் அந்தத் தாழ்ந்த சுவரை ஒட்டினாற்போல் அடித்துவிட்டார். 8-7. மணி 12:05. பையன் முன்சீட்டுக்குத் தாவி வந்து ஹார்னை அழுத்தினான். தெருவில் வேறு இரண்டு வீட்டிலும் ஆள் சத்தம் கேட்டது.

இப்போது கல்லூரியில் படிக்கிறான். நான் எங்கே கிளம்பலாம் என்றாலும் "ஏழு ரன்தானேப்பா" என்கிறான்.

*

மேரிலாண்டிலிருந்து:

எனக்கு இந்த ஆட்டம் பாதிதான் புரியும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் ஒருவர் சும்மா கொடுத்த டிக்கெட். கேம்டன் யார்ட்ஸ் மைதானம் செங்கல் கட்டடத்தோடு அழகாக இருக்கும் என்று போனேன். பால்டிமோர் ஓரியோல்ஸ் அந்த வருடம் பிரிவில் கடைசி. 93 தோல்வி ஏற்கெனவே கணக்கில் இருந்தது, அன்று தோற்றால் 94. கூட்டத்தில் பாஸ்டன் சட்டைதான் அதிகம் தெரிந்த மாதிரி இருந்தது.

மழை வந்தபோது எல்லோரும் கூரைக்கு அடியில் ஒண்டினோம். பக்கத்தில் ஒரு வயதான தம்பதி, இரண்டு பேரும் ஆரஞ்சு நிற ஓரியோல்ஸ் தொப்பி. "கடைசி இடத்தில் இருக்கிற அணிக்காக ஏன் இவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்தார். "நாங்கள் ஜெயிக்க வேண்டாம், அவர்கள் தோற்றால் போதும்" என்றார். ஆட்டம் எனக்கு அந்த நிமிடம் புரிந்துவிட்டது.

ஒன்பதாவது இன்னிங்ஸில் பாஸ்டனின் ஜோனதன் பாபெல்பான் முதல் இரண்டு பேரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தார். பாஸ்டன்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கிறிஸ் டேவிஸ் என்பவர் ஒரு அடி அடித்து இரண்டாம் பேஸுக்குப் போனார். அடுத்த நோலன் ரைமோல்ட், இன்னொரு ஸ்ட்ரைக் போனால் ஆட்டம் முடிந்தது என்கிற நிலையில் ஓங்கி அடித்தார். பந்து தரையில் பட்டு வேலிக்கு மேலே எகிறிப் போனது. 3-3. அடுத்து ராபர்ட் ஆண்டினோ இடது பக்கம் தாழ்வாக ஒரு பந்து அடிக்க, கார்ல் கிராஃபோர்ட் ஓடி வந்து சறுக்கினார். கையுறையில் பட்டது, நிற்கவில்லை. ரைமோல்ட் ஓடி வந்து மண்ணில் விழுந்து ஹோம் பிளேட்டைத் தொட்டார். 4-3. மணி 12:02.

மைதானத்தில் ஆடியவர்கள் கோப்பை வாங்கிய மாதிரி ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். கடைசி இடத்து அணி! அந்தக் கிராஃபோர்ட் முந்தின வருடம் வரை தாம்பாவில் ஆடியவர் என்பது பிறகுதான் தெரிந்தது. பெரிய ஒப்பந்தத்தில் பாஸ்டன் அவரை எடுத்திருந்ததாம். விதியை நம்பாதவன் நான், இருந்தாலும் இதற்கு வேறு பெயர் தெரியவில்லை.

*

சென்னையிலிருந்து:

அண்ணே, நான் அன்று சோழிங்கநல்லூரில் காலை ஷிப்ட். உங்களுக்கு நடுராத்திரி, எங்களுக்கு ஒன்பதரை மணி. படமெல்லாம் இல்லை, பந்துக்குப் பந்து எழுத்தில் வரும் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, மேனேஜர் வந்தால் எக்ஸெல் ஷீட்டுக்கு மாறிக்கொண்டிருந்தேன். எங்கள் கிளையன்ட் பாஸ்டன்காரர். அவருக்காகத்தான் இந்த ஆட்டத்தையே கற்றுக்கொண்டேன். தினமும் மாலை ஸ்டேட்டஸ் காலில் முதல் ஐந்து நிமிடம் ரெட் சாக்ஸ் பேச்சு, அப்புறம்தான் வேலை.

அன்று மாலை ஆறரைக்கு கால். எல்லோரும் லைனில் வந்தாச்சு. அவர் "முதல் ஐட்டத்துக்குப் போகலாம்" என்றார். அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் பெரிய பிழை ஒன்று இருந்தது, எப்படிச் சொல்வது என்று நாலு நாளாகத் தயங்கிக்கொண்டிருந்தோம். அன்று சொன்னோம். "பரவாயில்லை" என்றார். அந்த மனிதருக்கு அதற்கு மேல் வலிக்க இடமில்லை.

*

அட்லாண்டாவிலிருந்து:

எப்போதும் இதுதான். பாஸ்டன், தாம்பா, பாஸ்டன், தாம்பா. நாங்களும் அதே ராத்திரியில்தான் செத்தோம். எங்களுக்கு யாரும் ஒப்பாரிகூட வைப்பதில்லை.

டர்னர் ஃபீல்டில் பிலடெல்பியாவோடு ஆட்டம். அவர்கள் எப்போதோ தகுதி பெற்றுவிட்டார்கள், அன்று ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். ஒன்பதாவது இன்னிங்ஸில் நாங்கள் 3-2 முன்னால். பந்து வீச வந்தவர் கிரெய்க் கிம்ப்ரல். முதல் முழு சீசனிலேயே 46 ஆட்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்த பிள்ளை. 47வதைக் காப்பாற்ற முடியவில்லை. சேஸ் அட்லி உயரமாக அடித்த பந்தைப் பிடித்து அவுட் ஆக்கினோம், ஆனால் அதற்குள் மூன்றாம் பேஸில் நின்றவர் ஓடி வந்துவிட்டார். 3-3. பதின்மூன்றாவது இன்னிங்ஸ் வரை இழுத்து, அவர்களுடைய ஹன்டர் பென்ஸ் அடித்த ஒரு சப்பை அடியில் 4-3. சுத்தமாக அடித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அடுத்த பாதியில் எங்கள் ஃப்ரெடி ஃப்ரீமன் அடித்த பந்தில் டபுள் பிளே, அதாவது ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். கதை முடிந்தது.

நான் டிவியை அணைக்கவில்லை. அணைத்திருக்கலாம்.

*

செயின்ட் லூயிஸிலிருந்து:

எங்கள் ஆட்டம் ஹூஸ்டனில். 8-0. கிறிஸ் கார்பென்டர் ஒன்பது இன்னிங்ஸும் தானே வீசி, இரண்டே ஹிட் கொடுத்தார். பத்தரைக்கெல்லாம் முடிந்துவிட்டது. அப்புறம் எங்களுக்கு வேலை, அட்லாண்டா நண்பரின் சாவை உட்கார்ந்து பார்ப்பதுதான், மன்னிக்கவும். அப்படிக் கடைசி நாளில் உள்ளே நுழைந்த நாங்கள் அக்டோபர் 28 அன்று டெக்சஸை ஏழாவது ஆட்டத்தில் வீழ்த்தி வேர்ல்ட் சீரிஸையே, அதாவது சாம்பியன் பட்டத்தையே எடுத்தோம். முந்தின நாள் ஆறாவது ஆட்டத்தில் இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் போனால் தோல்வி என்ற நிலைக்கு இரண்டு தடவை போய் வந்தோம். அது தனித் திரி. யாராவது ஆரம்பியுங்கள்.

*

முதலில் எழுதியவன்:

எல்லோருக்கும் நன்றி. அட்லாண்டா நண்பருக்கு என் பங்கு ஒப்பாரி.

பாஸ்டனில் அடுத்து நடந்தது தெரிந்திருக்கும். இரண்டே நாளில் டெர்ரி ஃப்ரான்கோனா மேனேஜர் (அணியின் தலைமைப் பயிற்சியாளர் மாதிரி) பதவியிலிருந்து போனார். 86 வருடம் கோப்பை இல்லாமல் கிடந்த அணிக்கு 2004-இல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், 2007-இல் இன்னொன்று. ஒரு செப்டம்பர் அத்தனையையும் விழுங்கிவிட்டது.

மறு வருடம் விதியை மாற்றி, லீக்குக்கு இரண்டு வைல்ட் கார்ட் ஆக்கினார்கள். அந்த விதி ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் நாலு அணியும் உள்ளே போயிருக்கும். லாங்கோரியாவின் அடிக்கும் ஆண்டினோவின் அடிக்கும் இவ்வளவு கனம் இருந்திருக்காது. நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எனக்குப் பழைய விதிதான் பிடித்திருக்கிறது. தோற்றவன் சொல்வதால் நம்பலாம்.

யாங்கீஸ் நண்பர் இன்றைக்கும் நவராத்திரி முதல் நாள் ராத்திரி 12:06-க்கு மெசேஜ் அனுப்புவார், "தூங்கிட்டியா?" என்று. நான் பதில் போடுவதில்லை.

ஹூஸ்டன்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா?

*

ஹூஸ்டனிலிருந்து:

இருக்கிறேன். கார்டினல்ஸ் முதல் இன்னிங்ஸிலேயே 5 ரன் எடுத்துவிட்டார்கள், அப்போதே அணைத்துவிட்டேன். எங்களுக்கு அது அந்த வருடத்தின் 106-வது தோல்வி. வேறு ஊர்களில் ஏதோ நடந்தது என்பதே எனக்கு மறுநாள் சாயங்காலம்தான் தெரியும்.